விரிசல் விட்ட முட்டைகள்

மரக்காணம்
14.12.2005

அன்பு மகன் பிரபுவுக்கு அப்பா எழுதிக்கொள்வது. மாதா புண்ணியத்தில் நானும் உன் அம்மாவும் மழைக்குத் தப்பின ஏழு கோழிகளும் சுகம். ஷார்ஜாவில் நீயும் உன் ரூமில் இருக்கிற மற்ற ஐந்து பேரும் சுகமாக இருக்க வேண்டும், அதிலும் இன்றைக்குச் சமைக்கிற முறை யாருடையதோ அவன் ரொம்ப சுகமாக இருக்க வேண்டும். இந்தக் கடிதம் கொஞ்சம் நீளம், உட்கார்ந்து படி. போன இரண்டு கடிதத்திலும் அம்மா நலம் என்று எழுதினேனே, அது பொய். பயப்படாதே, இப்போது எழுதுவது மெய். இந்த நிமிஷம் அவள் வாசலில் முறத்தை வைத்துக்கொண்டு அரிசியில் கல் பொறுக்குகிறாள், பொறுக்கிக்கொண்டே நான் பேனா பிடிக்கிற அழகையும் குறை சொல்கிறாள், அதனால் நீ தைரியமாகப் படிக்கலாம்.

அக்டோபர் தொடக்கத்தில் அவளுக்கு வயிற்று வலி தாங்காமல் பாண்டிச்சேரிக்கு அழைத்துக்கொண்டு போய் ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். கர்ப்பப்பையில் கட்டி என்று ஆபரேஷன் செய்து எடுத்துவிட்டார்கள், கெட்ட கட்டி இல்லை என்று டாக்டரம்மா உறுதியாகச் சொல்லிவிட்டது. உனக்கு எழுதியிருந்தால் வேலையை விட்டுவிட்டு வந்து நிற்பாய், வந்து என்ன செய்வாய், என்னோடு சேர்ந்து ஆஸ்பத்திரி வராண்டாவில் கொசு அடிப்பாய், அதற்கு நான் ஒருத்தன் போதும் என்று விட்டுவிட்டேன். கோபம் வந்தால் என்னைத் திட்டி ஒரு கடிதம் போடு, நாலு பக்கத்துக்குக் குறையாமல் இருக்கட்டும்.

ஒன்பதாம் நாள் வீட்டுக்கு வந்தோம், கஷ்டம் அதற்குப் பிறகுதான். இந்த வருஷ மழையை நீ டிவியில் பார்த்திருப்பாய், உப்பளம் எது ஏரி எது என்று தெரியவில்லை, பாத்தியெல்லாம் தண்ணீர், அது வடிந்தால்தான் எங்களுக்கு வேலை. அதனால் அடுப்படி முழுக்க என் ஆட்சி. என் சமையல் உனக்குத் தெரிந்ததுதான், உப்பளத்துக்காரன் கை என்பதால் உப்பு மட்டும் குறையாது. ஆனால் உன் அம்மா சாப்பிடாததற்குக் காரணம் அது இல்லை. பக்கத்து வீட்டுத் தையல்நாயகி மிளகு தட்டிப் போட்டு நாட்டுக்கோழி ரசம் கொண்டுவந்தாள், அதுவும் அப்படியே இருந்தது. ஆப்பிள் வாங்கினேன், ரொட்டி வாங்கினேன், ஆட்டுக்கால் சூப்பு வைத்தேன். எதைக் கொண்டுபோய் வைத்தாலும் இரண்டு வாய், அப்புறம் தட்டைத் தள்ளிவிட்டு "எனக்கு வாணாம், நீ துன்னு, நீதான் எளச்சிப் போயிட்ட" என்பாள். நானா இளைத்தேன், என் வயிறு எனக்கு முன்னால் பஸ் ஏறுகிறது. அவள் வளையல்தான் முழங்கை வரைக்கும் ஏறிப் போனது. நவம்பரில் காட்டப் போனபோது எடை முப்பத்தெட்டு கிலோ, ரத்தமும் குறைவு. டாக்டரம்மா என்னைத்தான் திட்டியது, "பதினஞ்சு நாள் பாக்கறேன், எடை ஏறலன்னா திரும்ப அட்மிட் பண்ணித்தான் ஆகணும்" என்று. உன் அம்மா பஸ்ஸில் உட்கார்ந்ததும் "செத்தாலும் என் ஊட்லதான் சாவேன், அந்தக் கட்டில்ல இன்னொரு தபா ஏறமாட்டேன்" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அதற்கு நாலாம் நாள் காலையில் அடுப்படியைக் கழுவலாம் என்று பார்த்தால் முந்தாநாள் வைத்த சங்கரா மீன் குழம்பு சட்டி அடியில் சுண்டிக் கிடந்தது, தண்ணீர் ஊற்றின சோறும் இரண்டு பிடி இருந்தது. கோழிக்குப் போடலாம் என்று எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனேன். கட்டிலில் இருந்து ஒரு சத்தம், "யோவ், இன்னாய்யா அத்தக் கொட்டப் போற?" என்று. குரல் எழும்பாமல் கிடந்தவள் போட்ட சத்தத்தில் கோழியே ஓடிவிட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு தானாக எழுந்து வந்தாள், சட்டியைப் பிடுங்கினாள், அங்கேயே தரையில் உட்கார்ந்து பழைய சோற்றைப் பிழிந்து சட்டியிலேயே போட்டு வழித்து வழித்துச் சாப்பிட்டாள். நான் மூச்சு விடவில்லை, விட்டால் நிறுத்திவிடுவாளோ என்று பயம். முடித்துவிட்டு "பசிச்சி ஒண்ணும் துன்னல, வீணாப் போவுதேன்னுதான்" என்று கையைக் கழுவிக்கொண்டு போய்ப் படுத்துவிட்டாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. கல்யாணம் ஆகி இருபத்தாறு வருஷத்தில் இவள் ஆவி பறக்கிற சோற்றை முதலில் தனக்குப் போட்டுக்கொண்டு நான் பார்த்ததே இல்லை. எனக்கு, உனக்கு, வந்தவர்களுக்கு, அப்புறம் அடியில் இருப்பது அவளுக்கு. நல்லதாக ஒன்றை எடுத்துப்போய் இது உனக்கென்றே செய்தது என்று நீட்டினால் யாருடைய பங்கையோ தின்கிற மாதிரி அவளுக்குத் தொண்டையில் இறங்கவில்லை. நான் ஒருநாளும் இதைக் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை, நீயும் நானும் நன்றாகச் சாப்பிட்டோம்.

சரி, மிச்சம்தானே வேண்டும், மிச்சமே தருகிறேன் என்று அன்றைக்கே பொய் சொல்ல ஆரம்பித்தேன். காலையில் ஆக்கின சோற்றை ஆறவிட்டு எடுத்துப்போய் ராத்திரி மீந்துவிட்டது, நீ சாப்பிடாவிட்டால் கோழிக்குத்தான் என்பேன். சாப்பிட்டாள். நல்ல முட்டையை நானே சுவரில் ஒரு தட்டுத் தட்டி இது விரிசல் விட்டுடுச்சு லூர்து, நாளைக்குத் தாங்காது என்பேன். சாப்பிட்டாள். முருங்கைக் கீரையை உருவிக்கொண்டு வந்து இது மஞ்சளாகப் போகிறது என்பேன், வாழைப்பழத்தை வழி முழுக்க அமுக்கிக்கொண்டே வந்து கறுத்துப்போச்சு என்பேன். தையல்நாயகியையும் கூட்டு சேர்த்தேன், அவள் கறிக்குழம்பு கொண்டுவந்து "எங்க ஊட்ல எல்லாரும் வெளிய துன்னுட்டு வந்துட்டாங்கக்கா, கொட்டவும் மனசு வரல" என்று என்னைவிட நன்றாக நடித்தாள். நாலைந்து நாளில் உன் அம்மாவுக்குக் கட்டிலில் இருந்தே அதிகாரம் வந்துவிட்டது. புளித்துப் பொங்கின இட்லி மாவைக் கொட்டப் போனேன், "அதுல ஒரு பிடி ரவையப் போட்டு வெங்காயம் பச்சமொளகா அரிஞ்சி அடையா ஊத்துய்யா" என்றாள். ரவையில் வண்டு என்றேன், சலித்துவிட்டு வெறும் சட்டியில் வறுக்கச் சொன்னாள். நான் வாங்கி வைத்துச் சுருங்கிப்போன ஆப்பிளைத் துருவி, மாங்காய்த் தொக்கு மாதிரி மிளகாய்த்தூளும் வெந்தயமும் போட்டுக் கிளறச் சொன்னாள், நம் தெருவில் ஆப்பிள் தொக்கு தின்ற முதல் ஆள் நான்தான். தோல் சுருங்கின கத்திரிக்காயைச் சுட்டுப் பிசைந்து கொத்சு வைக்கச் சொன்னாள், நான் கரியாக்கிவிட்டேன், அந்த எரிச்சலில் எழுந்து வந்து அவளே அடுத்ததைச் சுட்டாள். பிறகு அவளை அடுப்பை விட்டு நகர்த்துவது எனக்குப் பெரிய பாடாகிவிட்டது.

பதினைந்தாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போனோம். உன் அம்மாவை எடை மிஷினில் ஏற்றினேன். முள் நாற்பதைத் தாண்டி நின்றது. டாக்டரம்மா சந்தோஷமாக "என்ன சாப்பாடு கொடுத்தீங்க" என்று என்னைக் கேட்டது. நான் வாய் திறக்கும் முன் உன் அம்மா முந்திக்கொண்டு "எல்லாம் மிச்சம் மீதிதாம்மா, பழசு, விரிசல் உட்ட முட்டை, கறுத்துப்போன பழம், அத்தத்தான் குடுக்கறாரு" என்றாள். டாக்டரம்மா முகம் மாறியதைப் பார்க்க வேண்டுமே. "ஏம்பா, ஆபரேஷன் ஆன பொம்பளைக்குக் கெட்டுப்போனதையா போட்டீங்க, நீங்கள்லாம் மனுஷனா" என்று பிடித்துக்கொண்டது. எத்தனையோ பேச்சு வாங்கினவன்தான், ஆனால் இதை எப்படி வாங்குவது, எல்லாம் அன்றன்றைக்கு வாங்கி அன்றன்றைக்கு ஆக்கினதுதான், மிச்சம் என்று சொன்னால்தான் இறங்குகிறது என்று அத்தனை பேர் முன்னாலும் ஒப்புக்கொண்டேன். நர்சுப் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார்கள். உன் அம்மா சிரிக்கவில்லை. பஸ்ஸில் மறுபடியும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். உண்மை தெரிந்துவிட்டது, இனி ஒரு வாய்கூட வாங்கமாட்டாள், பழையபடி கட்டில்தான் என்று நினைத்துக்கொண்டே வந்தேன். கூனிமேடு தாண்டினதும் மெதுவாகச் சொன்னாள், "தெனம் ஒரு முட்டை விரிசல் விடுமா, மூணு கோழிதான் முட்டையிடுதுன்னு எனக்குத் தெரியாதா?" என்று. தெரிந்தேதான் என்னை டாக்டரம்மாவிடம் மாட்டிவிட்டிருக்கிறாள். அப்புறம் ஏன்டி சாப்பிட்டாய் என்றேன். "நீ அவ்ளோ கஷ்டப்பட்டுப் பொய் சொல்ற, அதுவும் வீணாப் போவக் கூடாதில்ல" என்றாள். முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தேன், கண்ணில் தண்ணீர் வந்தது சிரிப்பில்தான்.

வீட்டுக்கு வந்து ஈர விறகை ஊதி ஊதி அவளே சோறு வடித்துக் கானாங்கத்தை மீன் வறுத்தாள். நான் வழக்கம்போல் தட்டைப் போட்டு உட்கார்ந்தேன். அவளும் எதிரில் உட்கார்ந்து, ஆவி பறக்கிற சோற்றை முதலில் தனக்குப் போட்டு, நடுத் துண்டு மீனை எடுத்து வைத்துக்கொண்டு சாப்பிட ஆரம்பித்தாள். "இன்னா பாக்குற, மிஞ்சினா ஒனக்கு" என்றாள். வால் துண்டும் அடியில் ஒட்டின சோறும் மிஞ்சியது, சாப்பிட்டேன், தொண்டையில் நன்றாகத்தான் இறங்கியது. பத்து நாளாக இப்படித்தான் நடக்கிறது, ஒருநாள் அவள் முதலில், ஒருநாள் நான், அவள் முறை வரும் நாளில் மட்டும் மீன் நன்றாக அமைகிறது.

கிறிஸ்துமஸுக்கு அவளே கோயிலுக்கு நடந்து வருவதாகச் சொல்கிறாள், மறுநாள் போன வருஷம் சுனாமி அலையில் போனவர்களுக்கு வருஷப் பூசை, அதற்கும் போகிறோம், நீயும் அங்கே ஒரு மெழுகுவத்தி ஏற்று. உங்கள் ரூமில் மீந்த சோற்றைக் குப்பையில் போடுகிறீர்கள் என்று நீ எழுதினதைப் படித்துக் காட்டினது என் தப்பு, இரண்டு நாள் அந்தப் பேச்சுதான். தண்ணீர் ஊற்றி வைக்க வேண்டுமாம், ஏசி ரூமில் புளிக்காது என்றால் பூண்டும் காய்ந்த மிளகாயும் தாளித்துக் கிளற வேண்டுமாம், காய்ந்த குபூஸ் ரொட்டியைப் பிய்த்துப் போட்டு வெங்காயத்தோடு உப்புமா செய்ய வேண்டுமாம், சொல்லச் சொன்னாள், சொல்லிவிட்டேன். குளிரில் தலைக்குத் துணி கட்டிக்கொள். போன் செய்யும்போது அவளிடம் அழாதே, என்ன சாப்பிட்டாய் என்று மட்டும் கேள். ஆண்டவர் உன் கையையும் காலையும் பத்திரமாக வைத்து நல்லபடியாக ஊர் கொண்டுவந்து சேர்க்கட்டும். இன்னும் அரைப் பக்கம் எழுத இடம் இருக்கிறது, ஆனால் உள்ளே இருந்து "சோறு ஆறுது, நீ வர்றியா, இல்ல நானே முடிச்சிடட்டுமா" என்று சத்தம் வருகிறது. இன்றைக்கு முறை அவளுடையது, எழுதிக்கொண்டே இருந்தால் வால்கூட மிஞ்சாது.

இப்படிக்கு,
உன் அப்பா,
சோ. மரியதாஸ்