விரல் நுனி மட்டும் எட்டும் வண்டி

ஜூலை 7, 1996, ஞாயிறு

காலையிலேயே புழுக்கம். வண்டி வந்துவிட்டது. கூட வேலை பார்த்த ராகவன் மஸ்கட் போகிறான், அவனிடம் வாங்கியது. நூறு சி.சி., சிவப்பு, பந்தய வண்டி மாதிரி தாழ்ந்த ஹேண்டில்பார். சீட் மட்டும் உயரம். நான் ஐந்தடி ஒரு அங்குலம். உட்கார்ந்தால் கால்விரல் நுனிதான் தரையில்.

அம்மா வாசலில் நின்று பார்த்தாள். "மெடிக்கல் ரெப் வேலைன்னு சொன்னே, சரின்னேன். இப்ப இது வேறயா? பொம்பளைங்க ஓட்ற மாதிரி ஒண்ணு கெடைக்கலையா?"

"மூணு வருஷமா மொபெட்தானேம்மா. கேளம்பாக்கம் பக்கம் டாக்டருங்களைப் பாக்குற லைனைக் கேட்டா, அவ்ளோ தூரம் மொபெட் தாங்காதுன்னு மேனேஜர் சொல்றாரு. தாங்குற வண்டி வாங்கிட்டேன்."

உள்ளே போய்விட்டாள். ராத்திரி சாப்பாடு தட்டில் இருந்தது, பேச்சு இல்லை.

ஜூலை 8, திங்கள்

விடிந்ததும் ஆதம்பாக்கத்திலிருந்து வேளச்சேரி வரை. லைசென்ஸுக்குப் பழகியது டிரைவிங் ஸ்கூலின் கிழட்டு வண்டியில். இது அந்த ரகம் இல்லை.

பார்த்தவை:
– மெதுவாகப் போனால் முரண்டு. இன்ஜின் சுற்றைக் காட்டும் முள் ஐந்தாயிரத்தைத் தாண்டியதும் யாரோ முதுகில் கை வைத்துத் தள்ளுவது போல.
– மணிக்கட்டில் வலி. உடம்பின் பாரம் எல்லாம் அங்கேதான்.
– நியூட்ரல் சுலபத்தில் விழாது.
– ஓடும்போது பயமே இல்லை. நிறுத்தும்போதுதான்.

துப்பட்டாவைப் பின்னால் இறுக்கி முடிய வேண்டும். மறக்காதே.

ஜூலை 9, செவ்வாய்

விழுந்தேன். சைதாப்பேட்டைப் பாலம் ஏறும் இடத்தில், நெரிசலில் நின்றபோது. விரல் ஊன்றிய இடத்தில் பள்ளம். மெதுவாக, ஒரு பக்கமாக, வண்டியோடு. பையில் இருமல் மருந்து சாம்பிள் இரண்டு பாட்டில் உடைந்தது.

காய்கறி மூட்டையோடு போன ஒருவர் நின்றார். "இன்னாமா, ஊட்டுக்காரர் வண்டியா?"

"என் வண்டிதான். பின்னாடி கொஞ்சம் பிடிங்க."

தூக்கிவிட்டோம். முழங்கை சிராய்ப்பு. அப்புறம் தி.நகரில் மூன்று டாக்டர்களைப் பார்த்தேன், உடம்பெல்லாம் இருமல் மருந்து வாசனை. அழுகை வந்தது. வீட்டுக்கு வந்த பிறகுதான்.

ஜூலை 10, புதன்

ராயப்பேட்டை மெக்கானிக். சீட்டில் பஞ்சைக் குறைக்கச் சொன்னேன். அவர் என்னைவிடக் குள்ளம்.

"சீட்ட ஏன்க்கா கெடுக்கற? ரெண்டு காலும் எதுக்கு? நிக்கசொல்ல இப்டி இடது பக்கம் நவுரு. ஒரு காலு முழுசா ஊனு. வலது காலு பிரேக்ல கீட்டும். நானே புல்லட்டு ஓட்டிக்கினு கீறேன்."

கடை வாசலிலேயே பத்துத் தடவை செய்துகாட்டச் சொன்னார். பாதம் முழுக்கப் பட்டது.

ஜூலை 11, வியாழன்

தூறல். அதே பாலம், அதே ஏற்றம். ஏறு, நிறுத்து, ஊன்று, கிளம்பு. முப்பது வரை எண்ணினேன். டிராபிக் போலீஸ்காரர், "எதுனா தொலைச்சிட்டியாம்மா?" என்றார். இல்லை என்றேன்.

அம்மா எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்து மணிக்கட்டைத் தேய்த்தாள்.

ஜூலை 12, வெள்ளி

மேனேஜர் என்னோடு வரும் நாள். மாதம் ஒரு முறை ரெப் கூடவே சுற்றிப் பார்ப்பார். மயிலாப்பூரில் அவர் வீட்டுத் தெருமுனையில் எட்டரைக்கு நின்றேன்.

வண்டியைச் சுற்றி வந்தார். "நீ முன்னாடி போ மல்லிகா. நான் ஆட்டோல வரேன்."

"நம்ம ரெப் சுரேஷ் வண்டி பின்னாடி மட்டும் ஏறுறீங்களே சார்."

"அது வேற. ஆத்துல தெரிஞ்சா என்ன சொல்லுவா?"

"வேலைக்குப் போனேன்னு சொல்லுங்க."

தெருவை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு ஏறினார், என் பையை நடுவில் வைத்துக்கொண்டு. பின் சீட் சரிவு. பிரேக் போட்டபோதெல்லாம் பையோடு முன்னால் வழுக்கினார். அடையாறு சிக்னலில் நின்றேன், இடது கால் ஊன்றி. இரண்டு பேர் பாரம். அசையவில்லை.

திருவான்மியூர் தாண்டியதும் சாலை காலி. முள் ஐந்தாயிரத்தைத் தாண்டியது. பின்னாலிருந்து, "கொஞ்சம் மெதுவாப் போம்மா." குறைத்தேன்.

கேளம்பாக்கம் வரை ஆறு டாக்டர்கள். மூன்று புது ஆர்டர். திரும்பும்போது அவராகவே ஏறிக்கொண்டார்.

இறங்கி, அடுத்த மாதம் யாருக்கு எந்த லைன் என்ற லிஸ்டை நீட்டினார். "கேளம்பாக்கம் லைன்ல உன் பேரை பென்சில்ல போட்டிருக்கேன். ஒரு மாசம் பாப்போம்."

தாளை வாங்கி, பெட்ரோல் டாங்க் மேல் வைத்து, பேனாவை எடுத்து அந்தப் பென்சில் எழுத்தின் மேலேயே என் பெயரை அழுத்தி எழுதினேன். அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.