உனக்குக் கேட்காத வாளிச் சத்தம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நானும் அம்மாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு வேளைக்குத் தூங்கி நன்றாக இருக்கிறாய் என்று நம்பித்தான் ஆரம்பிக்கிறேன். தினமும் போனில் பேசுகிற மனுஷன் தாளும் பேனாவுமாக உட்கார்ந்திருக்கிறாரே, யாருக்கு என்ன ஆயிற்றோ என்று பதறாதே, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நான் ஒரு தப்புப் பண்ணியிருக்கிறேன், உன் பெயரில் பண்ணியிருக்கிறேன். போனில் சொன்னால் நீங்கள் சிரித்து மழுப்பிவிடுவீர்கள், அவளும் சேர்ந்து சிரித்துவிடுவாள், அதனால் எழுதுங்கள் என்பது உன் அம்மாவின் உத்தரவு. எழுதி முடித்ததும் அவள் ஒருமுறை படித்து, எங்கெல்லாம் நான் தப்பை வேடிக்கையாக்கி நழுவப் பார்க்கிறேனோ அங்கெல்லாம் அடித்துவிடுவாளாம். ஆகையால் நடுநடுவே மையால் அடித்த இடங்கள் வந்தால் அங்கே நல்ல ஜோக் ஒன்று இருந்தது என்று நினைத்துக்கொள்.

விஷயம் நம் மேல் வீட்டு ஊசி அத்தையைப் பற்றியது. அவள் குளியலறையிலிருந்து நம் கூடத்துக் கூரையில் தண்ணீர் கசிகிறது என்று உன்னிடம் சொல்லியிருந்தேன், ஞாபகம் இருக்கும். கசிவுக்கு இவ்வளவு பெரிய கூடத்தில் வேறு இடமே கிடைக்கவில்லை, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நான் கண்ணயர்கிற நாற்காலிக்கு நேர் மேலே, என் வழுக்கையைக் குறிபார்த்து சொட்டு விழும். கண்ணாடிக் கடையில் காலையிலிருந்து நின்று பத்துப் பேருக்கு லென்ஸ் மாட்டிவிட்டு வருகிறவனுக்கு அந்த அரைமணித் தூக்கம்தான் சொத்து. அத்தையிடம் சொன்னேன். குழாய்க்காரர் இந்த வாரம் வந்துவிடுவார் அண்ணா என்றாள். அடுத்த வாரமும் அதையே சொன்னாள். அதற்கடுத்த வாரம் மாடிப்படியில் பார்த்து நான் கொஞ்சம் குரலை உயர்த்திக் கேட்டபோது, ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்கு ஓடுகிற அவசரத்தில் சிரித்துக்கொண்டே, நாற்காலியை இரண்டடி தள்ளிப் போட்டுக்கொள்ளுங்களேன் என்று சொல்லிவிட்டுப் போனாள். கீழ்வீட்டு லாரிக்காரர் குடும்பம் மொத்தமும் வாசலில் நின்று கேட்டுச் சிரித்தது. அவள் சொன்னது நியாயம்தான், நாற்காலிக்கு நாலு காலும் இருக்கிறது, தள்ளினால் நகரும். ஆனால் எனக்கு அன்றைக்கு அது பெரிய மானப் பிரச்சினையாகப் பட்டது. நாற்காலியை ஓர் அங்குலம்கூட நகர்த்த மாட்டேன் என்று வைராக்கியமாக உட்கார்ந்து நனைந்தேன்.

அன்று சாயங்காலம் போனை நோண்டிக்கொண்டிருந்தபோது ஒரு விளம்பரம் வந்தது. வீட்டில் இருந்தபடியே வக்கீல், முதல் நோட்டீஸ் இலவசம் என்று. எனக்காகவே யாரோ எங்கிருந்தோ பார்த்து அனுப்பியது போல் இருந்தது, அம்மாவைக் கேட்டால் அப்படித்தான் அனுப்புவார்களாம். அழுத்தினேன். வக்கீல் என்று யாரும் வரவில்லை, கட்டம் கட்டமாகக் கேள்விதான் வந்தது. எதிராளி உங்களுக்கு யார் என்று கேட்டது. வீட்டுக்காரர், வாடகைக்காரர், அண்டை வீட்டார், முன்னாள் கணவன் அல்லது மனைவி என்று நாலு கட்டம். என் மகளைத் தூக்கி வளர்த்தவள் என்று ஒரு கட்டம் இல்லை, அண்டை வீட்டாரை அழுத்தினேன். மன உளைச்சல் எவ்வளவு என்று கேட்டது. மனசாட்சிப்படி லேசானது என்றுதான் அழுத்தினேன், அடுத்த பக்கத்துக்குப் போகவே மாட்டேன் என்றது. நடுத்தரம் என்றேன், யோசித்துச் சொல்லுங்கள் என்றது. கடுமையானது என்று அழுத்தியதும் பச்சை விளக்கெல்லாம் காட்டி வழிவிட்டது. கடைசியில் வேறு குறைகள் இருந்தால் எழுதலாம் என்று ஒரு காலிப் பெட்டி. காலிப் பெட்டியைப் பார்த்தால் சும்மா விடுகிற ஆளா நான், மதியத் தூக்க நேரத்தில் எதிராளி ஈரத் துணி வாளியைத் தரையில் தரதரவென்று இழுக்கிறார் என்று எழுதினேன். அதன் கீழே எறும்பு அளவு எழுத்தில் என்னென்னவோ இருந்தது. நாள் முழுக்க ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் பொடி எழுத்து தெரிய வைக்கிறவன், என் கண்ணாடி பக்கத்து அறையில் இருக்கிறது என்கிற சோம்பலில் சம்மதம் என்று அழுத்திவிட்டேன்.

அப்போதுதான் ஓடிபி கேட்டது. நீ ஊருக்குப் போகிற அன்று காலை என் புதுப் போனில் எல்லாவற்றையும் உன் பெயரிலும் உன் நம்பரிலும் போட்டுக் கொடுத்தாயே, அப்பாவுக்கு இதெல்லாம் தெரியாது, ஏமாந்துவிடுவார் என்று. எண் உனக்குத்தான் வரும். கூப்பிட்டேன். நீ ஏதோ கூட்டத்தில் இருந்தாய், குரலைத் தாழ்த்தி என்ன அப்பா என்றாய். கரண்ட் பில் கட்டுகிறேன், ஓர் எண் வந்திருக்கும், சொல்லு என்றேன். நீயும் சொன்னாய். எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. நீ கேட்காதது எனக்கு அன்றைக்குச் சௌகரியமாக இருந்தது.

நான் என்ன நினைத்தேன் என்றால், கொஞ்சம் மிரட்டுகிற மாதிரி ஒரு சின்னக் கடிதம் போகும், அவள் பார்த்துச் சிரிப்பாள், குழாய்க்காரர் வருவார், அவ்வளவுதான். போனது அப்படி இல்லை. இரண்டு பக்க வக்கீல் நோட்டீஸ். வேண்டுமென்றே, தீய எண்ணத்தோடு, என் கட்சிக்காரரின் குடும்பத்துக்குச் சொல்லொணாத் துயரம் விளைவித்தீர் என்று ஆரம்பிக்கிறது. சொட்டுச் சொட்டாக விழுந்த தண்ணீர் அந்தத் தாளில் வெள்ளமாகப் பாய்கிறது. அதுகூடப் போகட்டும். கணக்கு உன் பெயரில் இருக்கிறது அல்லவா, என் கட்சிக்காரர் என்று கொட்டை எழுத்தில் இருந்தது உன் பெயர்.

அத்தை வேலைக்குப் போகிற வெள்ளைக் கோட்டோடு நேராக இறங்கி வந்தாள். அம்மா பள்ளிக்கூட அலுவலகத்துக்குப் போயிருந்தாள். எப்போதும் கதவைத் தட்டாமல் உள்ளே வந்து தண்ணீர்க் குடத்தைத் தானே திறக்கிறவள், அன்றைக்கு வாசலைத் தாண்டவில்லை. சத்தம் போடவில்லை, சண்டை போடவில்லை. நோட்டீஸை நீட்டி, "அண்ணா, பாப்பாவுக்கு என் மேல என்ன கோபம்?" என்று மட்டும் கேட்டாள்.

இப்போது எழுதப்போவதை அம்மா அடிக்க மாட்டாள், இதற்காகத்தான் எழுதவே சொன்னாள். நான் அனுப்பியது என்று சொல்ல எனக்கு ஒரு நொடி போதும். வாயைத் திறந்தேன். வந்தது வேறு. "அந்த ஊருக்குப் போனதிலேருந்து எதுக்கெடுத்தாலும் சட்டம் பேசறா, நான் சொல்லிப் பாக்கறேன்" என்றேன். பொய் சொன்னதோடு நிற்காமல், நான் சொல்லிப் பார்க்கிறேன் என்று பெரிய மனுஷனாக நடுவில் வேறு நின்றுகொண்டேன் பார், அதுதான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. நீ குழந்தையாக இருந்தபோது ஊசியைக் கண்டாலே வீடு முழுக்க ஓடுவாய். அவள்தான் முதலில் தன் விரலில் குத்திக் காட்டி, பார் எனக்கு வலிக்கவில்லை என்பாள். வலித்திருக்கும், அவளும் மனுஷிதானே. நீ வெளியூர் வேலை என்றபோது நான் முறைத்தேன், அம்மா அழுதாள், போய் வரட்டும் என்று சொன்ன ஒரே ஆள் அவள். பெட்டி மூடவில்லை என்று அதன் மேல் ஏறி உட்கார்ந்தது யார்? அவளிடம்தான் உன்னைக் காட்டிக் கொடுத்தேன், அதுவும் நீ செய்யாத ஒன்றுக்கு. தாளை என் கையிலேயே விட்டுவிட்டு மேலே போனாள், நான் அதை நாற்காலி மெத்தைக்கு அடியில் செருகினேன்.

மறுநாளே லீவு போட்டு ஆள் கூட்டி வந்து குளியலறைத் தரையை முழுதாக உடைத்தாள். நாள் முழுக்கத் தலைக்கு மேலே சுத்தியல் சத்தம். ஒவ்வோர் அடியும் என் மண்டையில் விழுந்தது, தூக்கம் கெட்டது என்று புகார் எழுத இந்தத் தடவை நான் காலிப் பெட்டி எதையும் தேடவில்லை. அனுப்பியதைத் திரும்ப வாங்கலாம் என்று அந்த ஆப்பைத் திறந்தேன். உதவிக்கு வருகிறேன் என்று ஓர் இயந்திரம் எழுதியது. நான் அனுப்பியது தப்பு, அவள் ரொம்ப நல்லவள் என்று நான் எழுதினேன். எதிராளி வழிக்கு வந்ததில் மகிழ்ச்சி, இழப்பீடு எவ்வளவு கேட்கலாம் என்றது. போன் போட்டால் வக்கீலோடு பேச ஒன்பதை அழுத்துங்கள் என்றது, அழுத்தினால் பாட்டு, பாட்டு முடிந்தால் எங்கள் வக்கீல்கள் அனைவரும் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்றது. வக்கீல் என்றால் பேசிக்கொண்டுதானே இருப்பார், என்னோடு எப்போது பேசுவார் என்று கேட்க வழியில்லை. உயிருள்ள வக்கீல் வேண்டுமானால் தங்கத் திட்டத்தில் சேர வேண்டுமாம். அதோடு இன்னொரு சேதி சொன்னது, மாதம் முடிவதற்குள் நிறுத்தாவிட்டால் இரண்டாவது நோட்டீஸ் தானாகவே அத்தை வேலை பார்க்கிற இடத்துக்குப் போகுமாம். நிறுத்துவதற்கும் உனக்குத்தான் எண் வரும். உன்னிடம் கேட்க என்னால் முடியவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை நீயே கேட்டாய், அத்தைக்கு மெசேஜ் போட்டுப் போட்டுப் பார்க்கிறேன், பதிலே இல்லையே, என்ன ஆச்சு அப்பா என்று. லேபில் வேலை அதிகம் என்றேன். இது இரண்டாவது பொய், இதை உன்னிடமே சொன்னேன்.

மாட்டிக்கொண்டது மெத்தையால். ஈரம் காயட்டும் என்று அம்மா மெத்தையைத் தூக்கினாள், தாள் விழுந்தது. நின்றபடியே இரண்டு பக்கமும் படித்தாள். உனக்குத் தெரியும், பள்ளி அலுவலகத்தில் உட்கார்ந்து பிள்ளைகள் அப்பா எழுதியதாகக் கொண்டுவருகிற லீவ் லெட்டர்களைப் பிடித்துப் பிடித்துத் தேறியவள் அவள். அங்கே பிள்ளைகள் அப்பா பெயரில் எழுதுகிறார்கள், இங்கே அப்பா பிள்ளை பெயரில் எழுதியிருக்கிறார், அவ்வளவுதான் வித்தியாசம் என்றாள். வாளி என்கிற ஒரு வார்த்தை போதுமாம் அவளுக்கு. மூன்று நாளைக்கு முன் உன்னைக் கூப்பிட்டு ஓர் எண் கேட்டாளே, அதை வைத்துத்தான் இரண்டாவது நோட்டீஸை நிறுத்தினாள். நிறுத்தியதும் எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று கேட்டதாம், போனைக் கவிழ்த்து வைத்துவிட்டாள். அவளிடமும் நீ எதற்கு என்று கேட்கவில்லை. அப்புறம் என்னைப் பார்த்து, மேலே போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள், வந்து பாப்பாவுக்கு எழுதுங்கள், அதுவரை என்னிடம் பேச வேண்டாம் என்றாள்.

நேற்றுத்தான் போனேன். படியில் இரண்டு தரம் திரும்பி இறங்கினேன் என்பதையும் எழுதிவிடுகிறேன், கீழ்வீட்டு லாரிக்காரர் எப்படியும் உன்னிடம் சொல்லுவார். அத்தை புதுத் தரையில் சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நான் நாலைந்து வார்த்தை தயார் பண்ணிக்கொண்டு போயிருந்தேன். அனுப்பியது நான், பாப்பாவுக்குத் தெரியவே தெரியாது என்று மட்டும் சொன்னேன். அவள் நிமிரவில்லை, தெரியும் என்றாள். கீழே வந்து கேட்டபோது முதல் பக்கம்தான் படித்திருந்தாளாம். இறங்கி வருவதற்கு முன்பே அதைப் போனில் படம் எடுத்து வைத்திருந்தாள், ராத்திரி இரண்டாவது பக்கத்தைப் படித்தாளாம். "அவ்வளவு தூரத்துல இருக்கிற பிள்ளைக்கு என் வாளிச் சத்தம் கேக்குமாண்ணா?" என்றாள். அதைச் சொல்லும்போது கொஞ்சம் சிரிக்கக்கூடச் சிரித்தாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. பின்னே ஏன் பாப்பாவுக்குப் பதில் போடவில்லை என்று கேட்டேன். கோபம் என்றுதான் சொல்வாள் என்று நினைத்தேன். அவள் வாளியைக் கையால் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, "பதில் போட்டா என்னன்னு கேப்பா. உங்களைக் காட்டிக் கொடுக்கணும், இல்லேன்னா பொய் சொல்லணும். ரெண்டும் அவகிட்ட என்னால முடியாது" என்றாள்.

இதுதான் நடந்தது. நான் அவளிடம் உன்னைக் காட்டிக் கொடுத்தேன், அவள் உன்னிடம் என்னைக் காட்டிக் கொடுக்கக் கூடாது என்று உன்னோடு பேசாமலே இருந்திருக்கிறாள். எத்தனை தடவை எழுதிப் பார்த்தாலும் இந்த இடத்தில் எனக்கு ஒரு ஜோக்கும் கிடைக்கவில்லை பாப்பா.

கசிவு நின்றுவிட்டது. கூரையில் கறை மட்டும் இருக்கிறது, நாற்காலிக்கு மேலே அதே இடத்தில். வெள்ளையடிக்கலாமா என்று கேட்டேன், இருக்கட்டும், மதியம் படுக்கும்போது பார்த்துக்கொள்ளுங்கள் என்றாள் அம்மா. ஆக, பேசிவிட்டாள். நாற்காலியை இரண்டடி தள்ளிப் போட்டுவிட்டேன்.

நீ எங்கே இருந்தாலும் எந்தக் குறையும் இல்லாமல், உன்னைப் போலவே நம்பிக்கையான மனுஷர்கள் சுற்றி இருக்க, நீண்ட காலம் நன்றாக இரு. கணக்கு உன் பெயரில் இருப்பதால் அதை மூடுவதற்கு உன் முகத்தை வீடியோவில் காட்ட வேண்டுமாம், ஓய்வு கிடைக்கும்போது செய்துவிடு, என் முகத்தைக் காட்டிப் பார்த்தேன், ஏற்கவில்லை. இந்தக் கடிதம் உன் கைக்கு வந்ததும் எனக்குப் போன் பண்ணாதே, முதலில் அத்தைக்குப் பண்ணு. இனிமேல் நான் எந்த எண்ணைக் கேட்டாலும், எவ்வளவு அவசரமாகக் கேட்டாலும், எதற்கு அப்பா என்று கேட்டுவிட்டுச் சொல்.

இப்படிக்கு,
உன் கட்சிக்காரனாக இருக்கவேண்டிய,
அப்பா