கடல் உள்வாங்கிய தீவு

மே 10, ஞாயிறு. ஹிரோஷிமா.

ஜப்பானில் வேலை செய்யும் அக்கா மகள் குமுதா இன்று எங்களை மியாஜிமா தீவுக்குக் கூட்டிப்போனாள். அங்கே கடலுக்குள் ஒரு சிவப்பு வாசல் நிற்கிறது. எங்கள் ஊர் தெரணியகலையில் தேயிலை அரைக்கும் ஸ்டோரை லாரியோடு அதற்குள் தள்ளிவிடலாம், அவ்வளவு பெரிது.

சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் கடல் பின்னால் போய்க்கொண்டிருந்தது. கடல் உள்வாங்கினால் அடுத்து என்ன வரும் என்று இலங்கைக்காரனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"சுனாமி! மேல ஓடுங்க!"

ஏழு நாட்டுக்கும் கேட்கும்படி கத்தினேன். குமுதாவின் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கோயில் படிகளில் சிங்கம்போல் பாய்ந்தேன். தீவெங்கும் திரியும் மான்களே ஒதுங்கி வழிவிட்டன.

குமுதா மூச்சிரைக்க வந்து பிடித்தாள். "ஐயோ மாமா, கத்தாதீங்க, எல்லாரும் பாக்குறாங்க! இங்க கடல் தெனமும் ரெண்டு தடவ இப்படித்தான் வத்தும், திரும்ப வரும்."

நம் கடல் இப்படிச் செய்து நான் பார்த்ததே இல்லை. அவ்வளவு தண்ணீரும் எங்கே போய் நிற்கிறது?

அப்போதுதான் என் மனைவி ராசாத்தியைத் தேடினேன். முழங்கால் வலியால் படி ஏற முடியாதவள். கீழே ஈர மணலில், தனியாக அந்த வாசலை நோக்கி நடந்துகொண்டிருந்தாள்.

இறங்கி ஓடினேன். "பயமா இல்லியா புள்ள?"

"இருந்துச்சுங்க. நீங்கதான் ஓடிட்டீங்களே. எப்படியும் வரப்போற தண்ணி, அதுக்குள்ள கிட்டப் போயி பாத்துருவோம்னு வந்தேன்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். கடலைப் பற்றிக் குமுதாவிடம் கேட்டுக்கொள்ளலாம். அந்தச் சிரிப்பைப் பற்றி யாரிடம் கேட்பது?