துடைத்த கோடு

என் செல்ல மகளுக்கு,

ஒரே வீட்டில் இருந்துகொண்டு கடிதமா என்று நினைக்காதே. நேரில் சொல்ல எனக்கு நா எழவில்லை.

பள்ளியைப் பார்வையிட அதிகாரி வந்த அன்று காலை வகுப்புச் சாவியைக் கொடுத்து ஜன்னலைத் திறந்துவைக்கச் சொன்னாய். உள்ளே போனால் தரையில் நீளமாகச் சாக்பீஸ் கோடு, ஒன்று முதல் இருபது வரை எண்கள். பிள்ளைகளின் கிறுக்கல் என்று நினைத்தேன். டீச்சரம்மாவைப் பெற்றவள் அல்லவா, என் மகள் வகுப்பு பளிச்சென்று இருக்க வேண்டாமா? ஈரத்துணியால் துடைத்துவிட்டேன்.

சாயங்காலம் உன் மகள் சொன்னாள்: "பாட்டி, அந்தக் கோட்டுமேல குதிச்சுக் குதிச்சுத்தான் நாங்க கழித்தல் போடுவோம். இன்னைக்கு அதக் காணோம், எல்லாரும் முழிச்சோம். விளையாட்ட நிறுத்திட்டுப் பாடம் நடத்துங்கன்னு அந்த சார் அம்மாவத் திட்டிட்டாரு."

சாப்பிடும்போது நீ, "கூட்டுற ஆயாதாம்மா துடைச்சிருப்பாங்க" என்றாய். நான் உன் டம்ளரில் தண்ணீர் ஊற்றினேன்.

இன்று நீ போனதும் சமையலறையில் அதே கோட்டைப் போட்டேன். பதின்மூன்றில் நின்று ஐந்து காலடி பின்னால் வைத்தேன். எட்டில் வந்து நின்றேன். ஐந்தாம் வகுப்புவரை பிரம்படி வாங்கியும் ஏறாதது, இந்த முட்டிவலியோடு ஏறிவிட்டது.

திங்கட்கிழமை அந்த அதிகாரி மறுபடி வருகிறாராமே. நானும் வருகிறேன். முதலில் ஆயாவிடம் மன்னிப்பு, பிறகு அவரிடம் உண்மை.

சமையலறைக் கோட்டை இன்னும் துடைக்கவில்லை. தாண்டித் தாண்டித்தான் அடுப்புக்குப் போகிறேன்.

தலைகுனிந்து,
உன் அம்மா