வளைவில் கட்டிய சென்றி

ஆவணி, செவ்வாய் இரவு

நீர்வேலி வாழைத்தோட்டத்து வளைவில் படம் எடுக்க வந்தவர்கள் இராணுவச் சென்றி, அதாவது சோதனைச்சாவடி, ஒன்று கட்டியிருந்தார்கள். மண்மூட்டை, பீப்பாய், முள்ளுக்கம்பி எல்லாம் அசல் போலவே. இரண்டு பேர் மோட்டார் சைக்கிளில் ஊரூராகப் போகிற கதையாம்.

இயக்குநர் எங்கள் ஊர்ப் பெடியன்தான். நேரே போய்ச் சொன்னேன்.

"தம்பி, இதிலை ஒருநாளும் சென்றி இருக்கேல்லை. சந்தியிலைதான் இருந்தது. என்ரை அண்ணையை அங்கைதான் மறிச்சவங்கள்."

"சந்தி முழுக்க இப்ப கடையள், அன்ரி. படம் பாக்கிற ஆக்களுக்கு உது எங்கை தெரியப்போகுது?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அண்ணை திரும்பி வராத இடத்தைக்கூடத் தங்கள் வசதிக்கு நகர்த்துவார்களா?

அப்போதுதான் கவனித்தேன். சைக்கிளில் வந்த என் வயதுக்காரர்கள், போர்க்காலத்தில் செய்தது போலவே இறங்கி, உருட்டிக்கொண்டே அதைக் கடந்தார்கள். இறங்கச் சொல்லி ஒருவரும் சொல்லவில்லை. ஒருவர் அடையாள அட்டையையும் எடுத்துவிட்டார். கமரா ஓடிக்கொண்டிருந்தது.

பின்னேரம் எல்லாவற்றையும் கழற்றி ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அதன் பிறகு நானும் இவரும் மோட்டார் சைக்கிளில் அந்த வழியால் வந்தோம். வெறும் வளைவு. இவர் எஞ்சினை நிறுத்தி, ஹெல்மெற்றைக் கழற்றி, இறங்கினார்.

"ஏனப்பா இறங்கினனீங்கள்? ஒண்டும் இல்லையே."

"நீரும் இறங்கி நிக்கிறீர்."

உருட்டிக்கொண்டு நடந்தோம். வளைவு தாண்டித்தான் ஏறினோம்.

இப்போது எழுத உட்கார்ந்த பிறகுதான் உறைக்கிறது. அண்ணையை மறித்த சந்தியை நாங்கள் நிற்காமலே கடந்து வந்திருக்கிறோம்.