உன் கடைசிப் போத்தலுக்கு என் தீர்ப்பு

இன்று மத்தியானம் உன் போத்தலைத் திறந்தேன். மூடி கழன்றதும் ‘உஸ்’ என்று சின்னதாக ஒரு சத்தம். பிறகு அந்த மணம். பனங்கட்டி காய்ச்சும்போது, பாணி பதம் தப்புவதற்குச் சற்று முன்னால் வருமே, அதே மணம். குசினிக்குள் நின்ற என் மனைவி, "ஆர் வந்திருக்கினம்?" என்று கேட்டாள். நான் போத்தலோடு மாமரத்துக்குக் கீழே போய் உட்கார்ந்தேன்.

போன வருடம் பிரிட்ஜில், ஊறுகாய்ப் போத்தலுக்குப் பின்னால் நீ வைத்துவிட்டுப் போன கடைசிச் சிவப்பு ஏல் பியர் அது. "வைச்சுக் கும்பிடாதை. கெதியாக் குடிச்சு முடி" என்று சொல்லித்தான் விமானம் ஏறினாய். நான் வைத்துக் கும்பிட்டேன். நீ ரொறன்ரோவில் கண்ணை மூடிய செய்தி வந்த பிறகு அதைத் தொடவே மனம் வரவில்லை.

ஒவ்வொரு வருடமும் குருநகர்க் கோயில் பெருநாளுக்கு வருவாய். அங்கே உன் தங்கை வீட்டில் சனம் கூடிவிட்டது என்று சாட்டுச் சொல்லிவிட்டு, கொக்குவிலில் எங்கள் படலையைத் தள்ளிக்கொண்டு வந்து இறங்குவாய். பெட்டியைத் திறந்தால் சாரங்களுக்குள் சுற்றிய போத்தல்கள் கிடக்கும். எல்லாம் ரொறன்ரோவில் உன் வீட்டு நிலக்கீழ் அறையில் நீயே காய்ச்சிப் புளிக்க வைத்தவை. அங்கே வீட்டில் காய்ச்சும் பியர்ப் போட்டிகளுக்கு நடுவராகவும் போய்வந்தவன் நீ. "பியர் எண்டு பொதுவாச் சொல்லாதை மச்சான். சிவப்பு ஏல் எண்டு சொல்லு" என்பாய்.

ஆனால் உன் ஏலுக்கு நடுவர் நான். மெதடிஸ்த குடும்பத்தில் பிறந்து, வீட்டுக்குள் மது வாசமே அறியாமல் வளர்ந்தவன். இத்தனை சினேகிதருக்குள் ஏன் என்னைப் பிடித்தாய் என்று கேட்டேன்.

"குடிக்கிறவங்கள் எல்லாத்தையும் நல்லதெண்டுதான் சொல்லுவாங்கள். நீ சோத்திலையே நொட்டை பிடிக்கிறவன்."

என் மனைவி உடனே உன் பக்கம் சேர்ந்துகொண்டாள். "உவருக்கு ஒண்டும் பிடிக்காது அண்ணை. நல்ல ஆளைத்தான் பிடிச்சிருக்கிறியள்."

மாமரத்துக்குக் கீழே இரண்டு கதிரை போடுவோம். முதலில் கண். கிளாஸை வெயிலுக்குப் பிடித்தால், புளி போட்டு மினுக்கிய செம்பின் நிறம் தெரியும். அடுத்தது மூக்கு. பிறகுதான் ஒரு வாய். அதற்குப் பிறகும் நீ என்னைப் பேச விடமாட்டாய். "பொறு. விழுங்கின பிறகு என்ன மிஞ்சுதெண்டு பார்" என்பாய். நீ சொல்லும் ஆங்கிலச் சொற்கள் எனக்குப் பிடிபடவில்லை. எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். பேக்கரியில் சுட்ட அச்சுப்பாணின் சிவந்த கரை. பனங்கட்டி. கடைசியில் வேப்பம்பூ வடகத்தின் கைப்பு. உனக்கு அந்த வடக உவமை நன்றாகப் பிடித்துவிட்டது. அடுத்த முறை வந்தபோது, ஒரு போட்டியில் அதையே சொல்லிவிட்டு, மற்ற நடுவர்களுக்கு வடகம் என்றால் என்னவென்று விளங்கப்படுத்த நீ பட்ட பாட்டைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாய்.

எல்லாம் முடிய, "சரி, என்னெண்டு இருக்கு?" என்று கேட்பாய்.

"உது பறவாயில்லை" என்பேன். எங்கள் ஊரில் அதற்கு மேல் பாராட்டுக் கிடையாது என்பது உனக்கும் தெரியும். ஆனாலும் பொய்க்கோபம் வரும்.

"இவ்வளவு தூரம் காவிக்கொண்டு வந்தால் பறவாயில்லையோ? அதுக்குள்ளை ‘உது’ வேறை. கிளாஸ் உன்ரை கையிலை இருக்கு. ‘இது’ எண்டு சொல்லன்."

"என்னட்டை இருந்தால்தான் இது. உன்னட்டை இருக்கிறது உது. காய்ச்சினது நீதானே? அப்ப உதுதான்."

ஒரு நாளைக்கு உன்னை ‘இது’ என்று சொல்ல வைக்கிறேன் பார் என்று சபதம் போட்டாய்.

போன வருடம் நீ மெலிந்து, தலையில் கம்பளித் தொப்பியோடு வந்தாய். மருந்து ஏற்றி ஏற்றி உன் நாக்குச் செத்துப் போயிருந்தது. உனக்கென்று உறைப்பாக வைத்த கணவாய்க் கறியை, வெறுஞ்சோறு தின்னும் பிள்ளை மாதிரி, தண்ணிகூடக் கேட்காமல் சாப்பிட்டாய். மனைவி குசினிக்குள் போய்க் கண்ணைத் துடைத்தாள். பின்னேரம் மாமரத்துக்குக் கீழே நீ கிளாஸை என்னிடம் நீட்டினாய்.

"காய்ச்சேக்கை எனக்கு ருசி ஒண்டும் தெரியேல்லை மச்சான். ஞாபகத்திலைதான் காய்ச்சினனான். சரியோ பிழையோ தெரியாது. அங்கை கேட்டால் வருத்தக்காரனுக்கு எல்லாரும் நல்லாயிருக்கெண்டுதான் சொல்லுவினம். நீ சொல்லு."

எனக்குப் பயமாக இருந்தது. அது கெட்டிருந்தால் உன் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வேன்? நன்றாக இருந்து, நான் நல்லது என்றால் நீ நம்புவாயா? வெயிலுக்குப் பிடித்தேன். மணந்தேன். ஒரு வாய் எடுத்தேன். பாண்கரை வந்தது, பனங்கட்டி வந்தது, வடகம் மெல்ல வந்தது. நீ சொன்ன மாதிரிப் பொறுத்தேன். கடைசியில் தொண்டையில் சின்னதாக ஒரு காறல் நின்றது. அதை உன்னிடம் மறைக்கத்தான் விரும்பினேன். முடியவில்லை.

"கடைசியிலை கொஞ்சம் காறுது" என்றேன்.

உன் முகம் மலர்ந்ததை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். "காறுதோ? எவ்வளவு?"

"தேத்தண்ணிக்குச் சாயம் கூடின மாதிரி."

"பார்லியைக் கூட நேரம் ஊற விட்டிட்டன் போலை." நீ சந்தோஷமாகச் சிரித்தாய். "அப்ப மிச்சம்?"

"மிச்சம்... இது பறவாயில்லை."

எனக்கே தெரியாமல் வாயில் வந்துவிட்டது. நீ விடவில்லை. "டேய், என்ன சொன்னனீ?" என்று கேட்டுவிட்டு, தொப்பியைக் கழற்றி முகத்தை அழுத்தித் துடைத்தாய். பிறகு உன் கிளாஸை எடுத்து, ஆறுதலாக, ஒவ்வொரு மிடறாக முழுவதையும் குடித்தாய்.

"எனக்கு இது வெறும் தண்ணி மச்சான். நீ சொன்னதைத்தான் குடிக்கிறன்."

இப்போது எதைச் சாப்பிட்டாலும், விழுங்கின பிறகு கொஞ்சம் பொறுக்கிறேன். முன்பு மாதிரி நொட்டையும் சொல்வதில்லையாம், மனைவிதான் சொல்கிறாள்.

இன்றைய தீர்ப்பையும் கேள். நிறம் இருண்டுவிட்டது. நுரை நிற்கவில்லை. பனங்கட்டிக்குப் பின்னால் நனைந்த கடதாசி மணக்கிறது. வைத்துக் கும்பிட்டது பிழைதான், நீ சொன்னது சரி. ஆனால் அந்தக் காறல் போய்விட்டது. விழுங்கிவிட்டு நெடுநேரம் பொறுத்துப் பார்த்தேன், துளிகூட இல்லை. அதைச் சொல்ல எதிர்க் கதிரையைத்தான் திரும்பிப் பார்த்தேன்.

மனைவி வெளியே வந்தாள். எதிர்க் கதிரைக்கு முன்னால் நான் ஊற்றி வைத்திருந்த மற்றக் கிளாஸைப் பார்த்தாள்.

"அது ஆருக்கு?" என்று கேட்டாள்.

நான் என் கிளாஸைத் தூக்கினேன். உன்னிடம்தான் சொன்னேன்.

"இது என்ரை, மச்சான். உது உன்ரை."