கண்டது, கேட்டது, தெரியாது

என் கண்ணே மேகலா,

இன்று காலையும் பனி வகுப்புக்குள் வந்துவிட்டது. கதவைச் சாத்த எனக்கு மனம் வரவில்லை. கடைசி வரிசைப் பிள்ளைகள் பாதி தெரிந்தும் பாதி தெரியாமலும் உட்கார்ந்திருந்தார்கள். ஒன்பது மணி வாக்கில் மேட்டில் ஒரு வண்டிச் சத்தம் கேட்டது. நீ வந்ததும் முதலில் கேட்பது பிள்ளைகளின் நோட்டுகளைத்தானே, அதனால் பீரோ சாவியோடு எழுந்தே விட்டேன். வந்தது பால்காரர்.

நீ போய் நான்கு மாதம் ஆகிறது. இன்னமும் என் காது உன் ஸ்கூட்டருக்குத்தான் காத்திருக்கிறது. அதற்கு யார் எடுத்துச் சொல்வது?

திருப்பத்தூரிலிருந்து நீ முதன்முதலாக இந்த மலையேறி வந்த நாள் நினைவிருக்கிறதா? அதுவரை ஐந்து வகுப்புக்கும் நான் ஒருத்திதான். ஒன்றையும் இரண்டையும் எனக்கு விட்டுவிட்டு, மற்ற மூன்றையும் நீ வாங்கிக்கொண்டாய். அன்று மதியமே பிள்ளைகளின் கட்டுரை நோட்டைப் புரட்டிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாய்.

"இன்னாக்கா இது, புளியமரத்துக்கு நாலு காலா?"

வாங்கிப் பார்த்தேன். 'புளியமரம் ஒரு பயனுள்ள மரம். அதற்கு நான்கு கால்கள் உண்டு. நாம் அதைப் பாதுகாக்க வேண்டும்.' மாட்டைப் பற்றிச் சொல்லிக்கொடுத்த கட்டுரையில் மாட்டை எடுத்துவிட்டு மரத்தை வைத்திருந்தான் வேடியப்பன். அதற்குக் கீழே சிவப்பு மையில் பத்துக்குப் பத்து. போட்டது நான்தான், படிக்காமலே. புளி உலுக்கும் காலத்தில் பாதி நாள் மரத்து மேலேயே இருக்கிற பிள்ளை அவன். அவனுக்குத் தெரியாத மரமா?

மறுநாள் நீ ஒவ்வொரு நோட்டிலும் பக்கத்தை மூன்றாகக் கோடு போட்டுப் பிரித்தாய். கண்டது. கேட்டது. தெரியாது. கேட்டது என்றால் யாரிடம் கேட்டது என்று பெயர் எழுத வேண்டும், பெயர் இல்லாவிட்டால் அந்த வரி செல்லாது. உன் சட்டம் அவ்வளவுதான்.

எனக்கு அந்த மூன்றாவது கட்டம் பிடிக்கவே இல்லை. "தெரியாது தெரியாதுன்னு எழுதி வெச்சா, நோட்டைப் பார்க்க வர்ற அதிகாரி நம்மள இன்னா நினைப்பாரு?" என்று சண்டைக்கு வந்தேன். "தெரியாதத தெரியும்னு எழுதிகினு இருக்கறதுதாங்க்கா அசிங்கம்" என்று நீ பாட்டுக்குச் சாக்பீஸை உடைத்துக்கொண்டிருந்தாய்.

அதே வேடியப்பன் பிறகு எழுதினானே, நீ எனக்கு இரண்டு முறை வாசித்துக் காட்டினாயே. 'காவலூரில் வெள்ளையாகப் பெரிய கூண்டு இருக்கிறது. கண்டது. அதற்குள்ளிருந்து நட்சத்திரம் பார்ப்பார்கள். அங்கே தோட்ட வேலை செய்யும் மாமாவிடம் கேட்டது. பகலில் நட்சத்திரங்கள் எங்கே இருக்கும்? தெரியாது.' வாசித்துவிட்டு நீ வெகுநேரம் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாய். சாமைக் கொல்லையில் வெயில் அசைந்துகொண்டிருந்தது. எனக்கு மணியடிக்கக்கூட மறந்துபோனது.

அப்புறம் அந்தக் காய்ச்சல். லீவு நாட்களில் வந்ததால் பிள்ளைகள் யாருக்கும் தெரியாது. திருப்பத்தூர் ஆஸ்பத்திரியில் உன் கட்டிலுக்குப் பக்கத்தில் நான்கு நாள் இருந்தேன். "நோட்டெல்லாம் திருத்தலக்கா" என்றாய். நீ என்னிடம் கடைசியாகப் பேசியது அதுதான்.

பள்ளி திறந்த அன்று மூன்று வகுப்பும் வாசலில் நின்று உன் வண்டியை எதிர்பார்த்துக்கொண்டிருந்தது. என்னால் முடியவில்லை, மேகலா. "சின்ன டீச்சருக்கு மாற்றல் ஆகிடுச்சு" என்று சொல்லிவிட்டேன். பெற்றவர்களையும் கெஞ்சிக் கேட்டுக்கொண்டேன், இப்போதைக்குச் சொல்லாதீர்கள் என்று. நான்காம் வகுப்புச் செவ்வந்தியின் அம்மா மட்டும், "எத்தினி நாளிக்கு டீச்சர்?" என்றார்.

பொய் சொன்னால் அதோடு முடியுமா? மறுநாளே நோட்டுகளை அடுக்கிக்கொண்டு வந்து நின்றார்கள். "புது ஸ்கூலுக்கு அனுப்புங்க டீச்சர், சின்ன டீச்சர் திருத்திக் குடுக்கட்டும்." வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டினேன். வாரா வாரம் கேட்டார்கள். வாரா வாரம், "வரும் வரும்" என்றேன். நீ உண்மையை எழுதப் பழக்கிய பிள்ளைகளுக்கு நான் தினமும் பொய்யை ஊட்டிக்கொண்டிருந்தேன்.

போன வாரம் உன் வகுப்பில் போய் உட்கார்ந்தேன். எழுத்து வேலையை விட்டுவிடக் கூடாது என்று, தெரிந்த ஒருவரைப் பற்றி எழுதச் சொன்னேன். செவ்வந்தி உன்னைப் பற்றி எழுதியிருந்தாள்.

'சின்ன டீச்சர் சாக்பீஸை உடைத்துத்தான் எழுதுவார். கண்டது. சின்ன டீச்சருக்கு மாற்றல் ஆகிவிட்டது. பெரிய டீச்சரிடம் கேட்டது. எந்த ஊருக்கு? தெரியாது. நோட்டு ஏன் திரும்பி வரவில்லை? தெரியாது. மாற்றல் என்று சொல்லும்போது பெரிய டீச்சர் எங்களைப் பார்க்கவில்லை, ஜன்னலைப் பார்த்தார். கண்டது.'

அதைப் படித்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது, உன்னை நினைத்துப் பெருமையாகவும் இருந்தது. இரண்டும் சேர்ந்து வந்தால் என்ன செய்வது என்று நீ எனக்குச் சொல்லித் தரவில்லையே.

பீரோவைத் திறந்து நோட்டுகளையெல்லாம் எடுத்து மேசை மேல் வைத்தேன். ஜன்னலைப் பார்க்கவில்லை. ஒவ்வொரு முகமாகப் பார்த்துச் சொன்னேன், காய்ச்சல், ஆஸ்பத்திரி, நான்கு நாள், எல்லாம். பொய் சொன்னதற்கு மன்னிப்பும் கேட்டேன். சிலர் அழுதார்கள். வேடியப்பன் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். வெளியே பனி விலகாமல் நின்றது. அந்த வகுப்பு மட்டும் தனியாக எங்கோ மிதந்து போவது மாதிரி இருந்தது எனக்கு.

பிறகு செவ்வந்தி எழுந்தாள். மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"டீச்சர், இத எதுல எழுதறது?"

"நான் கண்டேன்மா. நீங்க கேட்டீங்க."

"அப்ப கேட்டதுல எழுதட்டுங்களா? உங்க பேர் போட்டு?"

"போடு."

அவள் மட்டுமல்ல, எல்லோரும் எழுதினார்கள். பென்சில் சத்தம் மட்டும் கேட்டது. 'சின்ன டீச்சர் இறந்துவிட்டார். பெரிய டீச்சரிடம் கேட்டது.' உன் சட்டப்படி என் பெயர் இருக்கிறது, வரி செல்லும். வேடியப்பன் மட்டும் அதற்குக் கீழே இன்னொன்று சேர்த்திருந்தான். 'சின்ன டீச்சர் இப்போது எங்கே இருக்கிறார்? தெரியாது.' நான் அதைத் திருத்தவில்லை. எனக்கும் தெரியாதே, மேகலா.

நோட்டுகளை இப்போது நானே திருத்துகிறேன், வரிக்கு வரி படித்து. பத்துக்குப் பத்து அவ்வளவு சுலபமாகக் கிடைப்பதில்லை. நானும் ஒரு நோட்டு வாங்கிக் கோடு போட்டிருக்கிறேன். என் மூன்றாவது கட்டம்தான் சீக்கிரம் நிறைகிறது, நீ பார்த்தால் சிரிப்பாய்.

ஒன்று மட்டும் உனக்குச் சத்தியம் செய்கிறேன். அந்தப் பிள்ளைகள் 'கேட்டது' கட்டத்தில் என் பெயரை எழுதும் ஒவ்வொரு முறையும், அந்த வரி செல்லும்.

கூடப் பிறக்காத உன் அக்கா,
பெரிய டீச்சர்